கீரையில் கிருமி வந்தால் கீரைக்காரன் மட்டும் குற்றவாளியா?

(விவசாயிகள் சங்க வட்டப் பொதுக்கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த விவசாயப் பெருமக்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற அண்ணன்மாரே, தம்பிமாரே, விடியக்காலம் நாலு மணிக்குக் கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறும் தாய்மார்களே! 

நெல் விலை பேசியிருக்கிறோம். கரும்புப் பாக்கி பேசியிருக்கிறோம். இன்றைக்கு நான் கீரையைப் பற்றிப் பேசப் போகிறேன். "கீரைக்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டார். அய்யா, நம் பகுதியில் கீரை போடுவது யார்? கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிறவர். கிணற்றில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் இறைக்க முடியும் என்கிறவர். முளைக்கீரை, சிறுகீரை விதைத்தால் இருபத்தஞ்சு முப்பது நாளில் கையில் காசு பார்க்கலாம், பிள்ளைக்குப் பீஸ் கட்டலாம் என்று நம்புகிறவர். கீரையில் ஒரு பிரச்சினை வந்தால் அது நேராக அந்த வீட்டு அடுப்பில்தான் போய் நிற்கும். அதனால்தான் இந்தக் கூட்டம்.

வெளிநாடுகளில் அடிக்கடி ஒரு சேதி வருகிறது. "கீரையில் கிருமி, கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது" என்று. திரும்பப் பெறுதல் என்றால் என்ன? விற்ற சரக்கில் கோளாறு என்று தெரிந்தால் கம்பெனியோ அரசாங்கமோ அறிவிப்புக் கொடுக்கும். இந்த நாளில் கட்டிய இந்த சரக்கை யாரும் சாப்பிடாதே, குப்பையில் போடு, கடையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள் என்று சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அறிவிப்பு வந்த பிறகு யார் யார் தலையில் என்னென்ன விழுந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நம் நாட்டிலும் உணவுப் பொருளைத் திரும்பப் பெறுவதற்கென்று 2017-ல் தனி விதிமுறைகள் வந்துவிட்டன. அங்கே நடந்த கதையை இன்றைக்குக் கேட்டுக்கொண்டால் நாளைக்கு நாம் ஏமாற மாட்டோம்.

2.8 ஏக்கர் வயலும் 26 மாநிலங்களும்

2006 செப்டம்பர் 14. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம், எஃப்.டி.ஏ. என்று சொல்வார்கள், ஓர் அறிவிப்புக் கொடுத்தது. பையில் அடைத்து விற்கும் ஸ்பினாச் கீரையை யாரும் சாப்பிட வேண்டாம் என்று. ஸ்பினாச் நம் பாலக்கீரை மாதிரி ஒரு கீரை. நாம் கீரையைக் கடைவோம், பொரிப்போம், கூட்டு வைப்போம். அவர்கள் அதைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். கம்பெனியே இலையைக் கழுவிப் பையில் போட்டு விற்கிறது. வீட்டில் பையைப் பிரித்தால் நேரே தட்டுக்கு வந்துவிடும்.

அந்தக் கீரையில் இருந்த கிருமிக்கு ஈ.கோலி ஓ157:எச்7 என்று பெயர். ஈ.கோலி எல்லாமே கெட்டதல்ல, நம் குடலிலும் அது உண்டு. இந்த வகை பொல்லாதது. மாட்டின் குடலில் இது குடியிருக்கும், மாட்டுக்கு ஒரு நோவும் செய்யாது. சாணத்தோடு வெளியே வரும். மனிதர் வயிற்றுக்குள் போனால் கடுமையான வயிற்றுவலி, ரத்தபேதி. சின்னக் குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும்.

அந்தத் தடவை 26 மாநிலங்களில் 199 பேர் நோயில் விழுந்தார்கள். 102 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 31 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. 3 பேர் இறந்து போனார்கள். அதில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை. தோழர்களே, இதைச் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது. "கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை" என்று சிலர் பேசுவார்கள். கதையில்லை. செத்தது உயிர். விளைவிக்கிறவன் என்ற முறையில் நமக்கு அந்த வலி இருக்க வேண்டும். அந்த வலியோடுதான் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன். எங்கிருந்து வந்தது அந்தக் கிருமி?

பையில் இருந்த எண்ணை வைத்துத் தேடினார்கள். டோல் என்ற பெயரில் விற்ற பைகள். கட்டியது கலிபோர்னியாவில் சான் ஹுவான் பவுட்டிஸ்டா என்ற ஊரில் இருந்த நேச்சுரல் செலக்‌ஷன் ஃபுட்ஸ் கம்பெனி. ஆகஸ்ட் 15-ஆம் தேதி கட்டிய சரக்கு. அங்கிருந்து வயல் வயலாகத் தேடிப் போய்க் கடைசியில் சான் பெனிட்டோ மாவட்டத்தில் ஒரு வயலில் போய் நின்றார்கள். அந்த வயலின் அளவு 2.8 ஏக்கர். பெரிய மாட்டுப் பண்ணைக்குச் சொந்தமான பூமியைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டிருந்தார்கள். அந்தப் பண்ணையில் எடுத்த மாட்டுச் சாணத்திலும், காட்டுப்பன்றிச் சாணத்திலும், ஆற்றுத் தண்ணீரிலும் அதே கிருமி இருந்தது. ஆனால் எந்த வழியாக வயலுக்குள் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. 2007 மார்ச்சில் வந்த விசாரணை அறிக்கையே அப்படித்தான் சொன்னது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 2.8 ஏக்கர். நம் கூட்டத்திலேயே அத்தனை நிலம் வைத்திருக்கிறவர் பத்துப் பேர் இருப்பார்கள். அத்தனூண்டு வயலில் விளைந்தது எப்படி 26 மாநிலத்துக்கு நோயைக் கொண்டு போனது? அந்தக் கீரையைக் கட்டுக் கட்டி உள்ளூர்ச் சந்தையில் விற்றிருந்தால் நோயே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கும். ஆனால் ஒன்றிரண்டு ஊரோடு நின்றிருக்கும். இன்ன வயல், இன்ன ஆள் என்று சீக்கிரமே தெரிந்திருக்கும். கம்பெனியில் நடந்தது வேறு. பல வயல் இலையை ஒன்றாகக் கொட்டி, ஒரே தண்ணீரில் அலசி, கலந்து, பையில் அடைத்து நாடு முழுக்க லாரியில் அனுப்பினார்கள். குளோரின் கலந்த தண்ணீரில் அலசினாலும் இலையில் ஒட்டிய கிருமி முழுக்கப் போகாது. குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதுதான் நடந்தது. துளி வயலிலிருந்து வந்திருக்கலாம். அதைக் குடத்தில் கலந்தது யார்?

தண்டனை யாருக்கு விழுந்தது?

அறிவிப்பு வந்த அடுத்த நாட்களில் பையில் அடைத்தது மட்டுமில்லாமல் பச்சை ஸ்பினாச் எல்லாமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. கடையில் கீரை இல்லை, வாங்க ஆள் இல்லை. அந்த 2.8 ஏக்கருக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லாத விவசாயிகள் நின்ற பயிரை உழுது மடக்கினார்கள். வெட்டினால் கூலிக்குக் கூடத் தேறாது என்றால் வேறு என்ன செய்வார்கள்? கீரை நெல் மாதிரி இல்லை. மூட்டை கட்டி மச்சில் போட முடியாது. நாலு நாள் வியாபாரம் நின்றால் நாற்பது நாள் உழைப்பு மண்ணோடு மண்.

அதன் பிறகு விதிகள் வந்தன. 2007-ல் கலிபோர்னியாவில் கீரை வியாபாரக் கம்பெனிகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. கையெழுத்துப் போட்டது கம்பெனி. கடைப்பிடிக்க வேண்டியது விவசாயி. தண்ணீரைப் பரிசோதனை செய், தினம் கணக்கெழுது, தணிக்கைக்கு ஆள் வந்தால் நோட்டைக் காட்டு. சரி, இதில் பல விதிகள் நியாயமானவை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு விடவில்லை. சரக்கு வாங்குகிற பெரிய பெரிய கம்பெனிகள் அதற்கு மேல் தங்கள் பங்குக்கு நிபந்தனை போட்டன. வயலைச் சுற்றி ஒரு புல் பூண்டு இருக்கக் கூடாது. வேலிச் செடியை வெட்டு. ஓடைக்கரை மரத்தை எடு. கம்பி வேலி போடு. எலிக்கு மருந்து வை. தவளை, பறவை எட்டிப் பார்க்கக் கூடாது. செலவு எல்லாம் விவசாயி பையிலிருந்து.

சரி, வெட்டினார்களே, கிருமி குறைந்ததா? 2015-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 295 பண்ணைகளின் பரிசோதனைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சுற்றியிருந்த செடி கொடியை அழித்த இடங்களில் கிருமி குறையவே இல்லை. சொல்லப்போனால் அப்படி அழித்த இடங்களில்தான் காலப்போக்கில் கூடியிருந்தது. வரப்போரப் புல் ஓடிவரும் தண்ணீரை வடிகட்டும் என்பது நம் தாத்தன் பாட்டனுக்குத் தெரிந்த விசயம். அதைப் படித்தவர்கள் கண்டுபிடிக்க எட்டு வருசம் ஆனது. அதற்குள் விவசாயி பணம் கட்டி வெட்டி முடித்துவிட்டான்.

வாய்க்கால் தண்ணீரில் கிருமி, வழக்கு வயல்மேல்

இரண்டாவது சம்பவத்தைக் கவனமாகக் கேளுங்கள். இதுதான் நம் வாய்க்காலுக்கு நெருங்கியது.

2018-ஆம் வருசம் வசந்த காலம். அரிசோனா மாநிலத்தில் யூமா என்ற பகுதி. குளிர்காலத்தில் அமெரிக்காவுக்குக் கீரை கொடுக்கும் ஊர். அங்கே விளைந்த ரோமெய்ன் என்ற இலைக்கோஸால் 36 மாநிலங்களில் 210 பேர் நோய்ப்பட்டார்கள். 96 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 5 பேர் இறந்தார்கள். அதே ஓ157 கிருமி.

விசாரணையில் அந்தக் கிருமி எங்கே கிடைத்தது தெரியுமா? பாசன வாய்க்கால் தண்ணீரில். வாய்க்காலில் மூன்றரை மைல் நீளத்துக்கு எடுத்த மாதிரிகளில் அது இருந்தது. அந்த வாய்க்காலை ஒட்டி என்ன இருந்தது? ஒரு லட்சம் மாட்டுக்கு மேல் அடைக்கக் கூடிய கறிமாட்டுக் கொட்டடி. நம் வீட்டுத் தொழுவில் நிற்கும் இரண்டு உருப்படியை நினைக்காதீர்கள். ஒரு லட்சம் மாடு ஒரே இடத்தில்! கொட்டடியில் எடுத்த சில மாதிரிகளில் அதே கிருமி கிடைக்கவில்லை, அங்கிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். சரி, உறுதியில்லை. ஆனால் வாய்க்காலில் இருந்தது உறுதி. வாய்க்கால் தண்ணீரை விவசாயி உண்டாக்கவில்லை. அது அவனுக்கு வந்து சேர்ந்தது.

பிறகு என்ன செய்தார்கள்? கீரைக் கம்பெனிகளின் ஒப்பந்த விதியைத் திருத்தினார்கள். முன்பு மாட்டுக் கொட்டடிக்கும் கீரை வயலுக்கும் 400 அடி இடைவெளி போதும் என்றிருந்தது. ஆயிரம் மாட்டுக்கு மேல் இருந்தால் 1,200 அடி என்றும், 80,000 மாட்டுக்கு மேல் இருந்தால் ஒரு மைல் என்றும் மாற்றினார்கள். கேட்பதற்கு நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மைல் யார் விலக வேண்டும்? கொட்டடி விலகவில்லை. கீரை வயல்தான் விலக வேண்டும்! கொட்டடிக்காரனைப் பார்த்து உன் கழிவை உன் எல்லைக்குள் நிறுத்து என்று அந்த விதி சொல்லவில்லை. கீரை போடுகிறவனைப் பார்த்து நீ தள்ளிப் போ என்று சொல்கிறது.

2024 மே மாதம் எஃப்.டி.ஏ. பாசனத் தண்ணீருக்கு ஒரு புதிய விதி கொண்டு வந்தது. வருசா வருசம் தண்ணீர் வரும் வழியையும், அக்கம்பக்கத்து நிலத்தில் என்ன நடக்கிறது என்பதையும் ஆய்வு செய்து எழுதி வைக்க வேண்டும். யார்? அதுவும் விளைவிக்கிறவர்தான். பக்கத்து நிலத்துக்காரன் மாடு ஒரு லட்சம் என்று இவன் எழுதி வைக்கலாம். எழுதி வைத்துவிட்டு?

ஊரைக் குறிப்பிடாத அறிவிப்பு

அதே 2018 நவம்பர் 20. அவர்களுக்கு நம் பொங்கல் மாதிரி ஒரு பெரிய விருந்து நாள் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடியும் அறிவிப்பு. எந்த ஊரில் விளைந்தாலும் சரி, எந்தக் கம்பெனியானாலும் சரி, ரோமெய்ன் இலை எதையும் சாப்பிடாதே, கடையில் வைக்காதே என்று. நாடு முழுக்க இலை குப்பைக்குப் போனது. ஏன் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள்? பையில் எந்த ஊரில் விளைந்தது என்ற விவரம் இல்லை! ஆறு நாள் கழித்துக் கலிபோர்னியாவின் ஒரு பகுதியில் விளைந்ததை மட்டும் தவிர்த்தால் போதும் என்று சுருக்கினார்கள். அதன் பிறகுதான் விளைந்த பகுதியும் வெட்டிய தேதியும் பையில் போட ஆரம்பித்தார்கள். முன்பே போட்டிருந்தால் தப்பில்லாத எத்தனை வயல் தப்பித்திருக்கும்!

தவறான ஆளைக் குற்றம் சாட்டியதும் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் சால்மொனெல்லா என்ற கிருமிக்குத் தக்காளிதான் காரணம் என்று எச்சரிக்கை விட்டார்கள். தக்காளி விவசாயிகள் தலையில் துண்டு விழுந்தது. கடைசியில் பார்த்தால் மெக்சிகோவிலிருந்து வந்த மிளகாயில் அந்தக் கிருமி இருந்தது.

2011-ல் ஜெர்மனியில் நடந்தது இன்னும் மோசம். வேறொரு வகை ஈ.கோலி. கிட்டத்தட்ட 4,000 பேருக்கு நோய், 50 பேருக்கு மேல் சாவு. மே மாதக் கடைசியில் ஹாம்பர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்தான் காரணம் என்றார்கள். ஐரோப்பா முழுக்க ஸ்பெயின் காய்கறிக்குக் கதவு சாத்தினார்கள். வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் சொன்னார்கள். வெள்ளரிக்காயில் அந்த நோய்க்கிருமி இல்லை என்று பிறகு தெரிந்தது. ஜூன் மாதம் உண்மையான காரணம் பிடிபட்டது. முளைகட்டிய பயிர்! எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையை முளைகட்டிப் பச்சையாக விற்றிருக்கிறார்கள்.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. விவசாயிகள் விடவில்லை. தெருவுக்கு வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் நிவாரணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. இழந்தது முழுக்கத் திரும்பவில்லை. ஆனாலும் அரசாங்கம் தவறாகக் கைகாட்டினால் அரசாங்கமே நஷ்டஈடு தர வேண்டும் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம். இதை மனதில் குறித்து வையுங்கள்.

அமெரிக்காவிலும் சிறு விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 2011 ஜனவரியில் அங்கே புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லட்சம் ஏக்கர் கம்பெனிக்கும் அரை ஏக்கர்க்காரனுக்கும் ஒரே சட்டம் என்றால் அரை ஏக்கர்க்காரன் செத்துப் போவான் என்று போராடினார்கள். மோன்டானா மாநிலத்து செனட்டர் ஜான் டெஸ்டர், அவரே ஒரு விவசாயி, ஒரு திருத்தம் கொண்டு வந்தார். வருசத்துக்கு 5 லட்சம் டாலருக்குக் குறைவாக விற்று, அதில் பாதிக்கு மேல் நேரடியாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் விற்கிற விவசாயிக்குப் பெரும்பகுதி விதிகளிலிருந்து விலக்கு. அந்தத் திருத்தம் சட்டத்தில் ஏறியது. கேட்டதால் கிடைத்தது. கேட்காமல் கிடைக்கவில்லை.

நம் சட்டம், நம் வாய்க்கால்

இப்போது நம் ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் அந்த ஸ்பினாச் விவகாரம் வெடிப்பதற்குச் சில வாரம் முன்னால், 2006 ஆகஸ்டில், நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் நிறைவேறியது. 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதில் 18-ஆம் பிரிவு, 3-ஆம் உட்பிரிவை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சட்டம் விவசாயிக்கோ, மீனவருக்கோ, விவசாயப் பணிக்கோ, பண்ணை அளவில் விவசாயி விளைவிக்கும் பொருளுக்கோ பொருந்தாது என்று அதில் இருக்கிறது. விளைபொருள் விவசாயி கையை விட்டு வேறொருவர் கைக்குப் போன பிறகுதான் சட்டத்தின் பிடி ஆரம்பம்.

நல்ல பாதுகாப்பு. ஆனால் சட்டம் தொடாததைக் காகிதத்தில் எழுதி வாங்கிவிடலாம். பெரிய கடைக்காரரோ, ஏஜெண்டோ நாளைக்கு ஒரு பத்திரத்தை நீட்டலாம். சரக்கு திரும்ப வந்தால் அந்த நஷ்டம் முழுக்க விளைவித்தவருடையது என்று அதில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். அப்படி எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள், படித்துப் பார்த்துப் பேசுவோம்.

அடுத்தது நம் வாய்க்கால். டவுன் சாக்கடை எந்த இடத்தில் வந்து கலக்கிறது என்று இங்கே சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் செப்டிக் டேங்க் லாரி வந்து பாலத்தடியில் திறந்துவிட்டுப் போவதும் தெரியும். மனுக் கொடுத்தோம். "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தது. இன்னும் ஆகவில்லை. யூமாவில் மாட்டுக் கழிவு என்றால் இங்கே மனிதக் கழிவு. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் பரவுவது இதில்தான். அந்தத் தண்ணீரைத்தான் மடை திறந்து கீரைப் பாத்திக்கு விடுகிறோம். வேறு தண்ணீர் இல்லை. நாளைக்கு டவுனில் பத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யாரைக் கேட்பார்கள்? சாக்கடையை விட்டவரையா? லாரி ஓட்டினவரையா? கொத்தமல்லி விற்ற அக்காவைத்தான் கேட்பார்கள்.

"நம்ம சனம் கீரையை வேக வைத்துத்தானே சாப்பிடுது, என்ன பயம்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நன்றாகக் கொதித்து வெந்தால் இந்தக் கிருமி செத்துவிடும். நம் சமையல் நமக்கு ஒரு பெரிய காவல். ஆனால் கொத்தமல்லியைக் கிள்ளி ரசத்தில் கடைசியில்தான் போடுகிறோம். புதினாவைப் பச்சையாக அரைத்துச் சட்னி வைக்கிறோம். டவுனில் இப்போது பச்சை இலையை அப்படியே கொறிக்கிற பழக்கமும் வந்துவிட்டது. அதனால் அந்தக் காவலை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நம் பக்கம் நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்தைக் கேட்கப் போகிறவன் தன் கையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பைசா செலவில்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்கு மக்காத எருவைப் போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். நம் கீரை முப்பது நாளில் முடிந்துவிடும். ஆகவே மக்கிய எரு மட்டும்தான். குவியலாகப் போட்டு உள்ளே சூடேற விட்டு, அடியை மேலும் மேலை அடியுமாகப் பல தடவை புரட்டிய எரு. கையை உள்ளே விட்டால் சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் கிருமி சாகும். சாணக் கரைசல் விடுகிறவர்கள் வேருக்கு விடுங்கள், பறிக்கிற நேரத்தில் இலை மேல் தெளிக்காதீர்கள்.

பறித்த கீரையை வாய்க்காலில் அலசாதீர்கள். மண் போகும், கிருமி ஏறும். கிணறு அல்லது போர் தண்ணீரில் அலசுங்கள். சந்தையில் வாடாமல் இருக்கத் தெளிக்கிற தண்ணீரும் அப்படியே. வயிற்றுப்போக்கு இருக்கிறவர் அந்த வாரம் கீரை பறிக்க வேண்டாம், வேறு வேலை பார்க்கட்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி விதைத்தது, எந்தத் தண்ணீர் பாய்ச்சியது, எந்தத் தேதி பறித்தது, யாருக்குக் கொடுத்தது. நாலே வரி. பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால், "அய்யா, அன்றைக்கு என் கீரை அந்த லாரியில் ஏறவே இல்லை" என்று சொல்ல அந்த நோட்டுத்தான் சாட்சி.

நமது கோரிக்கைகள்

1. பாசன வாய்க்காலிலும் கண்மாயிலும் டவுன் சாக்கடை கலப்பதை உடனே நிறுத்த வேண்டும். சுத்திகரிக்காத கழிவை விடுகிறவர்மீதும், செப்டிக் டேங்க் கழிவைக் கொட்டும் லாரிமீதும் 1974-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

2. பாசனத் தண்ணீரை அரசே தன் செலவில் பரிசோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

3. உழவர் சந்தையிலும் வாரச் சந்தையிலும் கீரை அலசுவதற்கு நல்ல தண்ணீர்க் குழாயும், பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும்.

4. சரக்கைத் திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவானாலும் ஊர், தேதி, கம்பெனியின் பெயரோடு வர வேண்டும். பொத்தாம் பொதுவாகக் "கீரை சாப்பிடாதே" என்று அறிவிக்கக் கூடாது.

5. தவறான அறிவிப்பால் விற்பனை நின்றால் விவசாயிக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டும்.

6. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18(3) பிரிவு விலக்கில் கை வைக்கக் கூடாது. கம்பெனி தன் நஷ்டத்தை விவசாயி தலையில் கட்டும் ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று அறிவிக்க வேண்டும்.

தோழர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கடைசியாக நம் வாய்க்கால் தண்ணீரை எப்போது பரிசோதித்தீர்கள், முடிவு என்ன என்று கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். பத்து ரூபாய் வில்லை ஒட்டி ஊருக்கு ஒரு மனு போக வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஊர்ப் பொறுப்பாளரும் வந்து வாங்கிச் செல்லுங்கள்.

அடுத்து, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். அன்றைக்கு ஆளுக்கு ஒரு பாட்டிலில் சாக்கடை கலக்கும் இடத்துத் தண்ணீரை மொண்டுகொண்டு வாருங்கள். இன்னொரு கையில் ஒரு கட்டுக் கீரை. இரண்டையும் மேசைமேல் வைப்போம். இந்தத் தண்ணீரை நிறுத்துங்கள், இந்தக் கீரைக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்று சொல்வோம். அதிகாரி யாராக இருந்தாலும் மரியாதையாகப் பேசுவோம். தேதி போட்ட பதில் எழுத்தில் வாங்காமல் எழுந்து வர மாட்டோம்.

ஊரார் பிள்ளை சாப்பிடுகிற கீரை நஞ்சாகாமல் இருக்க வேண்டும். அதை விளைவிக்கிறவர் வீட்டுப் பிள்ளையும் பசியில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாய்க்காலில்தான் ஓடி வருகிறது. அந்த வாய்க்காலுக்காகப் போராடுவோம், வாரீர்!

சாக்கடையை நிறுத்து! பாசனத்தைக் காப்பாற்று!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!